பழைய லெவலைக் கிலோக் கணக்கில் விற்காதீர்கள்

மீளக்குடியமரும் ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பட்டியல்தான் இருக்கிறது. மண்வெட்டி, அலவாங்கு, கத்தி, கோடரி, வாளி, கூரைத் தகரம், விதைநெல். இவை ஒவ்வொன்றும் அவசியமானவையே. ஆயினும் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு சிறு கருவியைப் பற்றி இம்முறை எழுத விரும்புகிறோம். பாடசாலைப் புத்தகத்தில் அதற்கு நீர்மட்டம் என்று பெயர். மேசன்மாரும் ஓடாவிமாரும் லெவல் என்பார்கள். கிணற்று நீர்மட்டத்தோடு குழப்பம் வராதிருக்க நாமும் இங்கே லெவல் என்றே சொல்வோம்.

ஒரு மரக்கட்டை அல்லது இரும்புச் சட்டம், அதன் நடுவே ஒரு சிறு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் சிறிது திரவமும் ஒரு காற்றுக் குமிழியும். லெவல் என்பது இவ்வளவுதான். இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். எமது கருத்து இதுதான்: பழைய வீடுகளிலும் கொட்டில்களிலும் கிடக்கும் நல்ல லெவல்களைத் தேடி எடுத்து, உரியவரிடம் சேர்த்து, திருத்தி, ஊரின் பாவனைக்கு வைத்திருக்க வேண்டும். வீடு கட்டுகின்ற ஏழைக் குடும்பம் தன் வீட்டைத் தானே சோதித்துப் பார்க்கும் உரிமை இதில் அடங்கியிருக்கிறது.

கட்டுவிப்பவர் நாமே

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டது. அதன்பின் வடக்கு கிழக்கில் நடந்த பெரிய வீடமைப்புத் திட்டங்கள் பலவற்றில் வீட்டு உரிமையாளரே கட்டுவிக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு புது வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அத்திவாரம் முடிந்தால் ஒரு தொகை, சுவர் எழுந்தால் இன்னொரு தொகை என்ற ஒழுங்கு அது. இன்றும் பல உதவித் திட்டங்கள் இதே வழியிலேயே நடக்கின்றன.

இந்த முறையை நாம் வரவேற்கிறோம். கொந்தராத்துக்காரர் கட்டித் திறப்பைத் தரும் வீட்டைவிட, குடும்பமே நின்று கட்டுவிக்கும் வீடு அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமானது. ஆனால் இதற்குள் ஒரு பாரமும் உண்டு. சுவர் சரிந்தால், கதவுநிலை கோணினால், தளத்தில் தண்ணீர் தேங்கினால், அதைத் திருத்தும் செலவு வீட்டுக்காரரின் தலையிலேயே விழுகிறது. வந்து பார்க்கும் உத்தியோகத்தர் குறை கண்டால் அடுத்த கட்டப் பணம் தாமதமாகும். மேசனோ அடுத்த ஊரில் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

கணவனை இழந்து தனியே பிள்ளைகளோடு திரும்பிவந்த பெண்களுக்கு இந்தப் பாரம் இரட்டிப்பாகிறது. "அக்கா, கண்ணுக்கு நேராகத்தானே இருக்கிறது" என்று மேசன் சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார்? கையில் ஒரு லெவலும் அதைப் பார்க்கும் பழக்கமும் இருந்தால், "தம்பி, இதை ஒருக்கால் வைத்துப் பார்ப்போம்" என்று சொல்லலாம். சண்டை தேவையில்லை, சத்தம் தேவையில்லை. குமிழி இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லும். நேர்மையான மேசனுக்கும் அது நல்லது, அவருடைய வேலைக்கு அதுவே சாட்சி.

இரண்டு அடி நீளமான ஒரு லெவலில் அரைக்கால் அங்குலம், அதாவது 1/8 அங்குலம், பிழை இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதை மாத்திரம் நம்பி, அடி அடியாக நகர்த்தி 20 அடிச் சுவர் ஒன்றைக் கட்டினால், மறுமுனையில் பிழை 1¼ அங்குலமாகிவிடும். இதனால்தான் லெவல் இருந்தால் மட்டும் போதாது, அது உண்மை சொல்லும் லெவலாகவும் இருக்க வேண்டும் என்கிறோம்.

பழையது ஏன் நல்லது?

லெவல் புதுக் கருவி அல்ல. பிரான்ஸ் நாட்டவரான மெல்க்கிசெடெக் தெவெனோ 1661ஆம் ஆண்டளவில் இதைக் கண்டுபிடித்தார். குழாய்க்குள் இருப்பது வெறும் தண்ணீர் அல்ல, மதுசார வகைத் திரவம். அது கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்காது, குமிழி தடையின்றி ஓடும். குழாயும் பார்ப்பதற்கு நேரானதுபோல் இருந்தாலும் உட்புறம் மேல்நோக்கி மிகச் சிறிதளவு வளைந்திருக்கும். அந்த வளைவு இருப்பதால்தான் குமிழி உச்சியைத் தேடி நடுவில் வந்து நிற்கிறது.

1948 வரை எமது நாடு பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட கைக்கருவிகள் இங்கும் பாவனைக்கு வந்தன. பழைய லெவல்களின் பித்தளைத் தகட்டில் செய்தவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். பேர்மிங்ஹாம் நகரில் 1784இல் தொடங்கிய றபோன், அதே நகரின் பிரெஸ்ரன், அமெரிக்காவின் நியூ பிரிட்டன் நகரத்து ஸ்ரான்லி ஆகியவை இத்தொழிலில் நல்ல பெயர் எடுத்தவை. பெயர் இல்லாத நல்ல லெவல்களும் உண்டு. ஆகவே பெயரைக் காட்டிலும் வேலையைப் பார்க்க வேண்டும்.

நல்ல லெவலின் அடையாளங்கள் சில. மரம் நேரான இழையுள்ள வைரமான மரமாக இருக்கும். இரு முனைகளிலும் பித்தளைக் கவசம் திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும். குழாயின் மேலே பித்தளைத் தகடு இருக்கும். சிலவற்றில் குழாயை உயர்த்தவும் தாழ்த்தவும் சிறு திருகாணி இருக்கும். ஒரு முனைக்குக் கீழே ஒரு தடித்த கடதாசியை வைத்தாலே குமிழி அசைய வேண்டும். அசையாவிட்டால் அந்தக் குழாய் மந்தமானது.

இன்று கடையில் வாங்கும் மலிவான லெவல்களில் குழாய் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. பிழைத்தால் பிழைத்ததுதான், எறிவதைத் தவிர வழியில்லை. பழையவற்றைச் செய்தவர்கள், இது ஒருநாள் பிழைக்கும், அப்போது திருத்த வேண்டும் என்று எண்ணியே செய்தார்கள். அவற்றின் பெறுமதி அதில்தான் இருக்கிறது.

எங்கே தேடுவது, எங்கே தேடக்கூடாது

ஓடாவிமாரின் பழைய கருவிப் பெட்டிகள், மரக்காலைகளின் மூலைகள், கோயில்களிலும் தேவாலயங்களிலும் உள்ள களஞ்சிய அறைகள், சங்கக் கட்டடங்களின் பரண்கள், பழைய இரும்பு வாங்குவோரின் குவியல்கள் ஆகிய இடங்களில் இவை கிடைக்கும். யுத்தத்தின் பின் வன்னியில் பழைய இரும்பு வியாபாரம் மும்முரமாக நடந்தது. பித்தளைக்கு நல்ல விலை உண்டு என்பதால் லெவலின் தகட்டைக் கழற்றி நிறுத்து விற்றுவிட்டு, மரத்தை அடுப்பில் வைக்கும் வழக்கமும் உண்டு. நூறு வருடம் உழைக்கக்கூடிய ஒரு கருவி, ஒரு நேரச் சாப்பாட்டுச் செலவுக்குப் போய்விடுகிறது. பசியோடு விற்பவரை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் விற்குமுன் அதன் பெறுமதியை அவர் அறிந்திருக்க வேண்டும்.

இங்கே இரண்டு விடயங்களை அழுத்திச் சொல்கிறோம்.

முதலாவது, உயிர். வடக்கு கிழக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை 2002 முதல் நடந்துவருகிறது, இன்னும் முற்றாக முடியவில்லை. விடுவிக்கப்படாத காணியிலோ, மண்டையோட்டுப் பலகை நாட்டிய இடத்திலோ, இடிபாட்டுக்குள்ளோ, பாழ்கிணற்றிலோ எந்தப் பழைய பொருளையும் தேடக்கூடாது. பிள்ளைகளை ஒருபோதும் அனுப்பக்கூடாது. இனந்தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல் வந்து கிராம சேவையாளருக்கோ பொலிசாருக்கோ அறிவிக்க வேண்டும். எந்த லெவலும் ஒரு காலுக்கோ கைக்கோ ஈடாகாது.

இரண்டாவது, உரிமை. ஆளில்லாத வீட்டில் கிடப்பது ஆளில்லாத பொருள் அல்ல. வீட்டை விட்டு ஓடிய வலியை நாம் எல்லோரும் அறிவோம். திரும்பிவந்து பார்த்தபோது கதவும் நிலையும் கழற்றப்பட்டிருந்த வேதனையையும் அறிவோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்த குடும்பங்களுக்கு 2015இன் பின் கட்டம் கட்டமாகக் காணிகள் விடப்பட்டன. இன்னும் எல்லோரும் திரும்பியாகவில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிலும் பலர் இன்னும் வெளியிடங்களிலேயே வாழ்கிறார்கள். அவர்களுடைய பொருட்களும் எங்கள் ஊர்களில் இருக்கக்கூடும்.

பழைய தொழிலாளிகள் தம் கருவியில் பெயரெழுத்தைப் பொறித்துவைப்பார்கள். லெவலின் முனை மரத்தில் அல்லது பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கள் தெரிந்தால் அவற்றைத் தேய்த்து அழிக்க வேண்டாம். அது ஒருவரின் தகப்பனார் கையால் இட்ட அடையாளமாக இருக்கலாம். தேவாலயத்திலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் அறிவித்து, மூன்று மாதமாவது காத்திருந்து, கேட்டு வருபவருக்குக் கொடுக்க வேண்டும். ஒருவரும் வராவிட்டால் ஊருக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஒரு தனியாளின் சொத்தாக அது ஆகக்கூடாது.

உண்மை சொல்கிறதா என்று பார்க்கும் முறை

இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. உறுதியான ஒரு பலகையில் அல்லது மேசையில் லெவலை வைத்து, சுற்றிவரப் பென்சிலால் கோடு கீறுங்கள். குமிழி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். உதாரணமாக, கிழக்குப் பக்கம் சிறிது தள்ளி நிற்கிறது என்று வைப்போம். இப்போது லெவலைத் தூக்கி, முனை மாற்றி, அதே கோட்டுக்குள் வையுங்கள். குமிழி மறுபடியும் கிழக்கே அதே அளவு தள்ளி நின்றால் லெவல் சரி, மேசைதான் சரிவு. குமிழி வேறொரு இடத்தில் நின்றால் லெவலில் பிழை இருக்கிறது.

புது லெவல் வாங்கும்போதும் கடை மேசையிலேயே இப்படிச் சோதித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுழித்தாலும் பரவாயில்லை. கைத்தொலைபேசியில் மட்டம் காட்டும் வசதியைக்கூட இவ்விதம் சோதிக்கலாம். எதையும் திருப்பிவைத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கும் குறுக்குக் குழாய் சில லெவல்களில் உண்டு. அதைத் தூக்குநூலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நூலும் ஒரு குண்டும் போதும், தூக்குநூல் பொய் சொல்லாது. ஆமோஸ் இறைவாக்கினர் கண்ட காட்சி ஒன்றில் ஆண்டவர் கையில் தூக்குநூலோடு சுவரருகே நிற்கிறார். அந்த ஆமோஸ் மந்தை மேய்த்து, காட்டத்தி மரங்களைப் பராமரித்து வாழ்ந்த ஒரு கிராமத்து மனிதர். ஏழையை ஏமாற்றும் அளவுகளைக் கண்டித்தவரும் அவரே.

திருத்தும் வேலை

முதலில் சுத்தம். ஈரத்துணியில் சிறிது சவர்க்காரம் போட்டுத் துடைத்து நிழலில் உலர விடுங்கள். மரத்தைச் சுரண்ட வேண்டாம். உலர்ந்தபின் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசித் துடைத்தால் மரம் உயிர்பெறும். பித்தளையைக் கழற்றிப் புளியால் தேய்த்துக் கழுவலாம். திருகாணி இறுகியிருந்தால் பலவந்தம் வேண்டாம். ஒரு துளி எண்ணெய் விட்டு ஒருநாள் பொறுத்துத் திறக்கவும். லெவலை வெயிலில் காயவைப்பது கூடாது. சூட்டில் திரவம் விரிந்து குமிழி சுருங்கும், குழாய் வெடிக்கவும் கூடும்.

இரண்டாவது, அடிப்பக்கம். மரம் காலத்தில் வளையும். அடிப்பக்கம் நேராக இல்லாமல் குழாயைச் சரிசெய்வது வீண் வேலை. தடித்த கண்ணாடித் தகடு ஒன்றின்மேல் அரத்தாளை விரித்து ஒட்டி, லெவலின் அடியில் குறுக்கே பென்சில் கோடுகள் போட்டு, மெதுவாக முன்னும் பின்னும் இழுங்கள். எல்லாக் கோடும் ஒரேயளவாக அழியும்போது அடி நேராகிவிட்டது என்று அறியலாம். வளைவு அதிகமானால் அனுபவமுள்ள ஓடாவியிடம் சீவுளி போடக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, குழாய். லெவலை மேசையில் வைத்து, ஒரு முனையின் கீழ் கடதாசித் துண்டுகளைச் செருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது கடதாசியை அசைக்காமல் லெவலை மட்டும் முனை மாற்றி வையுங்கள். குமிழி எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அதில் பாதியை மட்டும் லெவலின் திருகாணியால் திருத்துங்கள். மீதிப் பாதியைக் கடதாசியால் சரிசெய்யுங்கள். மறுபடியும் மாற்றிவையுங்கள். மூன்று நான்கு முறையில் சரிவரும். அந்தப் பாதிக் கணக்கை மறந்து முழுவதையும் திருகாணியால் திருத்தினால், பிழை மறுபக்கம் போகுமேயன்றித் தீராது.

திருகாணி இல்லாத பழைய லெவல்களில் குழாய் பரிஸ் சாந்தில் பதிக்கப்பட்டிருக்கும். சாந்து உதிர்ந்து குழாய் ஆடினால், பழைய சாந்தை மெதுவாக அகற்றி, புதிய சாந்தைக் குழைத்து, குழாயின் கோடுள்ள பக்கம் மேலே வரும்படி பதித்து, சாந்து இறுகுமுன் மேலே சொன்ன முறையில் சரிபார்க்க வேண்டும். சாந்து சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும். ஆகவே எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். குழாயே உடைந்திருந்தால், உடல் பழுதான வேறொரு லெவலின் குழாயை எடுத்துப் பொருத்தலாம். அதனால்தான் உடைந்த லெவலையும் எறிய வேண்டாம் என்கிறோம்.

சிலர் கேட்பது

"நீண்ட ஹோஸ் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கலாமே, லெவல் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. வீட்டின் நான்கு மூலைக்கும் மட்டம் எடுக்க ஹோஸ் குழாய்தான் சிறந்தது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். கல்லுக்குக் கல், யன்னல் அடி, கதவுநிலை, அலுமாரித் தட்டு ஆகியவற்றுக்கு ஒருவர் கையில் பிடிக்கும் லெவல் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

"நாங்கள் கமக்காரர், மேசன் வேலை எங்களுக்கு எதற்கு?" என்பது இன்னொரு கேள்வி. வயலில் நீர் கட்டி, மேடு எது பள்ளம் எது என்று பார்த்துப் பலகை இழுப்பவருக்கு மட்டம் என்றால் என்ன என்று எவரும் கற்பிக்கத் தேவையில்லை. மேட்டில் புல் முளைக்கும், பள்ளத்தில் நாற்று அழுகும் என்பதை அவர் அறிவார். அதே அறிவைச் சுவருக்கும் தளத்துக்கும் கொண்டுவருவதே நாம் கேட்பது.

கொஞ்சம் சரிவு வேண்டிய இடத்திலும் லெவல் உதவும். 40 அங்குல நீளமான நேர்ப் பலகையின் ஒரு முனையின் அடியில் 1 அங்குலக் கட்டையை ஆணியால் அடியுங்கள். கட்டையுள்ள முனையைத் தாழ்வாக இருக்க வேண்டிய பக்கம் வைத்து, பலகையின்மேல் லெவலை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் 40க்கு 1 என்ற சரிவு கிடைத்துவிட்டது. மலசலகூடக் குழாய்க்கும் மாட்டுக் கொட்டில் தளத்துக்கும் இது பொருத்தமான சரிவு.

நாம் முன்வைப்பது

ஒவ்வொரு ஊரிலும் கமக்கார அமைப்போ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ பங்குச் சபையோ இதைப் பொறுப்பெடுக்கலாம். பழைய லெவல்களைக் கேட்டறிந்து ஒரு கொப்பியில் பதிய வேண்டும். பெயரெழுத்து உள்ளவற்றை அறிவித்து, உரியவரைத் தேட வேண்டும். ஊரில் உள்ள வயதான ஓடாவி ஒருவரை அழைத்து ஒருநாள் திருத்த வேலை வைக்க வேண்டும். அவருக்கு அந்த நாளின் கூலியைக் கொடுக்க வேண்டும், கௌரவத்தையும் கொடுக்க வேண்டும். இளைஞரோடு இளம்பெண்களும் கூடியிருந்து பழக வேண்டும். அந்த முதியவரின் கையோடு இந்த அறிவு போய்விட்டால் பிறகு அதைக் காசுக்கு வாங்க முடியாது.

திருத்திய லெவல் கண்ணாடி அலுமாரியில் இருக்க வேண்டிய பொருள் அல்ல. பழம்பொருள் வாங்க வருபவருக்கு விற்க வேண்டிய பொருளும் அல்ல. வீடு கட்டும் குடும்பம் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் முனை மாற்றி வைத்துச் சோதித்தபின்பே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

உதவி நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்குப் பணம் கொடுக்கிறீர்கள், நன்றி. கட்டுவிக்கும் குடும்பத்துக்கு அதைச் சரிபார்க்கும் வழியையும் கொடுங்கள். பத்துக் குடும்பத்துக்கு ஒரு லெவலும் ஒரு ஹோஸ் குழாயும் ஒரு தூக்குக் குண்டும், அரைநாள் பயிற்சியும் போதும். சீமெந்துச் செலவோடு பார்த்தால் இது மிகச் சிறிய தொகை.

வாசகர்களே, இந்த வாரம் உங்கள் பரணில், உங்கள் தகப்பனாரின் பெட்டியில், உங்கள் ஊர்ச் சங்கக் கட்டடத்தில் ஒருமுறை பாருங்கள். ஒரு லெவல் கிடைத்தால், மேசையில் வைத்து, குமிழியைப் பார்த்து, முனை மாற்றி வைத்து மீண்டும் பாருங்கள். அதன்பின் அடுத்த வளவில் யார் வீடு கட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள்.